வெற்றி வாய்ப்பும் வாக்கு விகிதமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உலகச் செய்திகள் பக்கத்தில் அண்மையில் அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநர் தேர்தல் குறித்து நான்கு பத்திச் செய்தி ஒன்று வந்திருந்தது. முன்னணியில் உள்ள வேட்பாளருக்கு '72 சதவீத மக்கள் ஆதரவு' என்று தலைப்பு கூறியது. கடைசிப் பத்திக்கு வந்த பிறகுதான், அந்த 72 என்பது ஒரு கணிப்பு நிறுவனம் அவருடைய வெற்றிக்குக் கணக்கிட்டுத் தந்த வாய்ப்பு என்பதும், மக்கள் ஆதரவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை என்பதும் தெரிந்தது. தலைப்பைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களே அதிகம் என்பது தாங்கள் அறியாததல்ல. தண்டையார்பேட்டையில் முப்பத்தோரு ஆண்டுகள் கணிதப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், காலையில் தேநீர்க் கடையில் தங்கள் நாளிதழை நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவன் என்ற முறையிலும், இதைக் கைத்தவறு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சட்டப்பேரவைத் தேர்தலை நோக்கி நாம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், இதே குழப்பம் நாளை முதல் பக்கத்தில், நம் தொகுதிகளின் பெயரோடு வந்துவிடுமோ என்பதே என் கவலை.

அன்று கடையில் எழுந்த முதல் கேள்வி வேறு. "கவர்னருக்கு எதுக்கு சார் எலெக்ஷன்?" என்று துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 155ஆவது பிரிவின்படி ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவருக்கு வாக்குச்சாவடியோடு எந்த உறவும் கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்தின் நிர்வாகத் தலைவரே ஆளுநர். நம் முதலமைச்சரின் இடத்தில் அவரை வைத்துப் பார்க்கலாம். ஆனால், சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலத்து வாக்காளர்கள் அனைவரும் நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2026 நவம்பர் 3ஆம் நாள் 36 மாநிலங்களில் இந்தத் தேர்தல் நடக்கவிருக்கிறது. எனவே இப்படிப்பட்ட கணிப்புகள் இனி மாதந்தோறும் தங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும்.

அந்த 72 எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொன்னால்தான் பிழையின் அளவு புரியும். கணிப்பாளர்கள் அந்த மாநிலத்தில் வெளியான கருத்துக்கணிப்புகளைத் திரட்டி, புதியவற்றுக்குக் கூடுதல் மதிப்பும் பழையவற்றுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். முந்தைய தேர்தல்களில் மாநிலம் எந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தது, பதவியில் இருப்பவரே மீண்டும் நிற்கிறாரா, அதிபர் மீது மக்களுக்கு எவ்வளவு மனக்குறை இருக்கிறது என்பவற்றையும் அதனோடு சேர்க்கிறார்கள். பிறகு, கருத்துக்கணிப்புகள் இதற்கு முன் எந்த அளவுக்குப் பிசகின என்ற கணக்கை வைத்துக்கொண்டு, அதே தேர்தலைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை நடத்திப் பார்க்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கு 72 முறை ஒருவர் வென்றால், அவருடைய வெற்றி வாய்ப்பு 72 சதவீதம். வாக்கு விகிதத்தில் அவர் எதிராளியைவிட இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே முன்னால் இருக்கக்கூடும். வாக்கிலேயே 72 சதவீதம் வாங்குவதென்றால், எதிர்த்து நின்றவரின் தெருவில்கூட அவருக்கு ஓட்டு விழவில்லை என்று சொல்லத்தக்க வெற்றி அது. மீதமிருக்கும் 28 சதவீத வாய்ப்பும் சிறியதல்ல. ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் இரண்டு முறையும் பூ விழுவதற்கான வாய்ப்பு 25 சதவீதம். பூவா தலையா விளையாடிய எந்தப் பிள்ளையும் அதை நடக்காத காரியம் என்று நினைப்பதில்லை.

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், புயலுக்கு மூன்று சதவீத வாய்ப்பு என்று எங்கள் பகுதியில் ஒரு சிறுவன்கூடப் பொருள் கொள்ளமாட்டான். ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேர்தல் எண்களுக்கு அந்தப் பெரியவரின் இடத்தில் இருப்பது நாளிதழ்.

ஆளுநர் தேர்தல் கணிப்புகளின் வரலாற்றைப் பார்த்தால், எண்ணை எவ்வளவு பக்குவமாகக் கையாள வேண்டும் என்பது விளங்கும். நியூ ஜெர்சி மாநிலத்தில் 2021 நவம்பரில், பதவியில் இருந்த பில் மர்ஃபியும் ஜாக் சிட்டரெல்லியும் மோதினார்கள். மர்ஃபி 11 புள்ளிகள் முன்னிலையில் இருக்கிறார் என்று மன்மத் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கருத்துக்கணிப்பு கூறியது. அவர் வென்றது சுமார் 3 புள்ளி வித்தியாசத்தில். வெற்றி பெறுபவரைச் சரியாகத்தானே சொன்னோம் என்று அந்த நிறுவனம் தப்பித்துக்கொண்டிருக்கலாம். ஆனால், அதன் இயக்குநர் பாட்ரிக் மரே, தான் தவறிவிட்டதாகப் பத்திரிகையில் எழுதி, இரு தரப்புப் பிரசாரக் குழுக்களிடமும் மன்னிப்புக் கேட்டார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது. நான்காண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், அதே சிட்டரெல்லி மீண்டும் நின்றார். இம்முறை எதிரில் மைக்கி ஷெரில். கடைசி வாரங்களில் சில கணிப்புகள் இழுபறி என்றன, சில ஷெரிலுக்கு ஓரளவு முன்னிலை கொடுத்தன. அவர் 13 புள்ளிகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். மாநிலமும் வேட்பாளரும் மாறவில்லை. முதல் முறை சிட்டரெல்லியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்கள், அடுத்த முறை கூட்டி மதிப்பிட்டார்கள். சென்ற முறை தராசு எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதை வைத்து இந்த முறை எந்தப் பக்கம் தாழும் என்று சொல்ல முடியாது என்பதை என் மாணவர்களுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைத்திருக்காது.

வேறு மாநிலங்களிலும் இதே கதைதான். கென்டக்கியில் 2015இல் பின்தங்கியிருப்பதாகச் சொல்லப்பட்ட மாட் பெவின் ஏறத்தாழ 9 புள்ளிகளில் வென்றார். அவரே 2019இல் ஆண்டி பெஷியரிடம் சுமார் 5,000 வாக்குகளில் தோற்றார். ஃபுளோரிடாவில் 2018இல் பெரும்பாலான கணிப்புகள் ஆண்ட்ரூ கில்லம் முன்னிலை என்று கூற, 82 லட்சம் வாக்குகளில் 32,463 வாக்குகள் கூடுதலாகப் பெற்று ரான் டிசாண்டிஸ் ஆளுநரானார். வாஷிங்டன் மாநிலத்தில் 2004இல் முதல் எண்ணிக்கையில் டினோ ரோஸி 261 வாக்குகள் முன்னிலை பெற்றார். இயந்திரத்தில் மறுபடி எண்ணியபோது அது 42 ஆகச் சுருங்கியது. கையால் எண்ணியபோது கிறிஸ்டீன் கிரெகோயர் 129 வாக்குகளில் முந்தினார். 28 லட்சம் வாக்குகள் பதிவான இடத்தில் எந்தக் கணிப்பாலும் அதைத் தொட்டிருக்க முடியாது.

இவற்றில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது 1982ஆம் ஆண்டு கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தல். லாஸ் ஏஞ்சலஸ் மேயராக இருந்த கறுப்பினத் தலைவர் டாம் பிராட்லி வென்றுவிடுவார் என்று கருத்துக்கணிப்புகள் கூறின. வாக்களித்துவிட்டு வந்தவர்களைக் கேட்டெடுத்த கணிப்பும் அதையே கூறியது. ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளில் ஜார்ஜ் டியூக்மேஜியன் வென்றார். வெள்ளையர்களில் சிலர் கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு வாக்குச்சாவடியில் வேறொன்று செய்தார்கள் என்ற விளக்கம்தான் பெரிதாகப் பேசப்பட்டு, 'பிராட்லி விளைவு' என்ற பெயரும் பெற்றது. ஆனால், அன்றைய தினம் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தவர்களிடையே பிராட்லியே முன்னிலையில் இருந்தார். தபாலில் வந்த வாக்குகள்தாம் முடிவைத் திருப்பின. சாவடி வாசலில் நின்று கேட்டவர்கள், வாசலுக்கே வராத வாக்காளரை எப்படிக் கேட்டிருக்க முடியும்?

இந்தக் கேள்வியை வட சென்னையில் இருந்து கேட்டுப் பாருங்கள். கருத்துக்கணிப்புக்காக வருகிற களப்பணியாளர் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் கதவைத் தட்டுகிறார். காசிமேட்டில் விசைப்படகில் போனவர் அன்று திரும்புவதில்லை. கரை சேர ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். அவர் மனைவி விடியும் முன்பே ஏலத்துக்குப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு பெரம்பூருக்கோ வியாசர்பாடிக்கோ கிளம்பியிருப்பார். மணலி, எண்ணூர் ஆலைகளில் இரவு ஷிஃப்ட் முடித்தவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். கதவைத் திறப்பவர் பாட்டியாகவோ கல்லூரி விடுமுறையில் இருக்கும் பிள்ளையாகவோ இருப்பார். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம் தேர்தல்கள் பல அதற்குள் விழுகின்றன; 2016 மே 16ஆம் நாள் நடந்த சட்டப்பேரவைத் தேர்தலும் 2024 ஏப்ரல் 19ஆம் நாள் நடந்த மக்களவைத் தேர்தலும் அப்படித்தான். பிப்ரவரியில் கணிப்பு எடுக்கும்போது கடலில் இருந்த ஆள், வாக்குப்பதிவு அன்று வலையைத் தைத்துக்கொண்டு கரையில் இருக்கிறார். முதல் ஆளாக வரிசையில் நிற்கிறார். கணிப்பில் இல்லாத அவர் முடிவில் இருக்கிறார்.

2021 ஏப்ரல் 6ஆம் நாள் நான் நேரில் கண்டதையும் எழுதிவிடுகிறேன். வாக்களித்துவிட்டு எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் கல்லூரி மாணவர் போலிருந்த ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லட்டுமாக நின்று, வாக்களித்துவிட்டு வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். பத்துப் பேரில் ஆறேழு பேர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். விரலில் மை காயாத ஒரு பாட்டி மட்டும் நின்றார். "யாருக்கும்மா போட்டீங்க?" என்று அவன் மரியாதையாகத்தான் கேட்டான். "நல்லது பண்றவனுக்குத்தான்பா போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பையன் கொஞ்ச நேரம் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து திரையில் எதையோ தொட்டான். எதைத் தொட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெயில் ஏறியதும், இரண்டு மணி வாக்கில், அவன் போய்விட்டான். எங்கள் பகுதியில் வேலை முடிந்து வருகிறவர்களின் கூட்டம் நாலு மணிக்கு மேல்தான் தொடங்கும். அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் நின்று கூலிக்கு உழைத்தவன் அவன். அவன் தொட்ட அந்தப் பெட்டிகளெல்லாம் சேர்ந்துதான் தொலைக்காட்சியில் 'இத்தனை இடங்கள்' என்று வந்தன என்பதைத்தான் சொல்கிறேன்.

பேச மறுக்கிறவர்கள் பிரச்சினை அமெரிக்காவில் இன்னும் கடுமையானது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6 ஆகிவிட்டது. பதில் சொன்ன ஆறு பேரும் சொல்லாத 94 பேரும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று எப்படி நம்புவது? காசிமேட்டு ஏலத்தில் நல்ல மீனெல்லாம் கூடையின் மேலடுக்கில்தான் இருக்கும். அனுபவப்பட்ட பெண்கள் அதைப் பார்த்து விலை கேட்பதில்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்கள். எத்தனை மீனைப் பார்த்தார்கள் என்பதைவிட எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் அங்கே கணக்கு.

எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. முறையாகப் பொறுக்கிய 1,000 பேரைக் கேட்டால் ஒருவரின் வாக்கு விகிதத்தில் ஏறக்குறைய 3 புள்ளிகள் மேலேயோ கீழேயோ பிசகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கும்போது அந்தப் பிசகு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒருவர் கூடினால் மற்றவர் குறைவார் அல்லவா? எனவே 1,000 பேர் கணிப்பில் '4 புள்ளி முன்னிலை' என்று வந்தால், அவர் பின்தங்கியிருக்கவும் இடமுண்டு என்றுதான் படிக்க வேண்டும். ஆளுநர் தேர்தலில் இதோடு விஷயம் முடிந்துவிடும். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, ஒரே கூட்டல். நமக்கோ 234 தொகுதிகள். மாநிலம் முழுவதும் 5,000 பேரைக் கேட்டால் தொகுதிக்கு 21 பேர். அந்த 21 பேரை வைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட ஆர்.கே. நகரின் மனதைச் சொல்ல முடியுமா?

ஆர்.கே. நகர் என்று வந்துவிட்டதால் 2017 டிசம்பர் இடைத்தேர்தலையும் நினைவுபடுத்த வேண்டும். பணப் பட்டுவாடா புகாரால் ஏப்ரலில் ரத்தான தேர்தல் டிசம்பர் 21ஆம் நாள் நடந்து, 24ஆம் நாள் எண்ணப்பட்டது. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஆளுங்கட்சி வேட்பாளர் இரண்டாம் இடம், தி.மு.க. வேட்பாளருக்கு வைப்புத்தொகை போயிற்று. முந்தைய தேர்தல்களின் கட்சிவாரி விகிதங்களை அடுக்கிக் கணக்குப் போட்ட எந்த மாதிரியிலும் அந்தக் குக்கருக்கு ஒரு வரிசையே இருந்திருக்காது. 2016 பொதுத்தேர்தலும் அப்படியே. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பல தி.மு.க. அணிக்கே வெற்றி என்றன. வாக்கு விகிதத்தில் அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. அணிக்கும் இடையே சுமார் ஒரு புள்ளிதான் வித்தியாசம். இடங்களோ 134, 98. ஒரு புள்ளி இந்தப் பக்கம் நகர்ந்தால் ஆட்சி, அந்தப் பக்கம் நகர்ந்தால் எதிர்க்கட்சி வரிசை என்ற நிலையில், ஒரே கூட்டலில் முடிகிற ஆளுநர் தேர்தலிலேயே எட்டுப் பத்துப் புள்ளிகள் பிசகுகிற ஒரு கருவியைக் கொண்டு இங்கே இடங்களின் எண்ணிக்கையை அறுதியிட்டு அச்சிடுவது எனக்கு அச்சமாக இருக்கிறது. வாக்காளர் பட்டியலே இப்போது சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் மாறியிருக்கிறது. பழைய பட்டியலில் இருந்து பெயர்களைப் பொறுக்குகிறவர், இடம் மாறியவரையும் காலமானவரையும் தேடிக்கொண்டு நிற்பார்.

கணிப்புகளே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பணம் படைத்த கட்சிகள் தமக்கென்று ரகசியமாகக் கணிப்பு எடுத்துக்கொள்கின்றன. பொதுமக்களுக்கும் ஒன்று கிடைக்கட்டும். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் வரை, வாக்களித்துவிட்டு வந்தவர்களைக் கேட்டெடுத்த கணிப்புகளை வெளியிடக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு தடுக்கிறது; மீறினால் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. எப்போது வெளியிடலாம் என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியப் பத்திரிகை மன்றம் வழிகாட்டு நெறிகளை முன்பே வகுத்திருக்கிறது. யார் கணிப்பு எடுத்தார், யார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னார், எத்தனை பேரிடம், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்து, எந்த அளவு பிழைக்கு இடம் வைத்து என்பதையெல்லாம் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் என்கின்றன அந்நெறிகள். தங்கள் நாளிதழ் இதைச் செய்தாலே என் குறையில் பாதி தீர்ந்துவிடும். இவற்றோடு, கணிப்பு எடுத்த தேதிகளையும், கேள்வியைத் தமிழில் எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்பதையும் போட்டால் பெரும் உதவி. ஒரு எண்ணுக்கு 'வெற்றி வாய்ப்பு' என்று பெயரிட்டால், பக்கத்திலேயே வாக்கு விகிதத்தையும் தர வேண்டும். இரண்டில் ஒன்று கையில் இல்லையென்றால் தலைப்பில் எண்ணே வேண்டாம். பந்தயம் கட்டும் இணையச் சந்தைகளில் ஒரு வேட்பாளருக்கு நிலவும் விலையையும் இப்போது 'கணிப்பு' என்ற பெயரில் செய்தியாக்குகிறார்கள். அது பணம் கட்டியவர்களின் எண்ணமே தவிர, வாக்காளரிடம் கேட்டது அன்று. அதைக் கருத்துக்கணிப்பு என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

வரும் தேர்தலுக்குத் தாங்களே ஒரு கணிப்பு எடுப்பதாக இருந்தால், வட சென்னைக்கு அனுப்பும் களப்பணியாளரோடு தங்கள் செய்தியாளர் ஒருவரையும் அதிகாலை நான்கு மணிக்குக் காசிமேட்டுக்கு அனுப்பி வையுங்கள். வழி காட்ட நான் உடன் வருகிறேன். ஏலம் எடுத்த மீனுக்கு ஐஸ் போட்டு மூடிவிட்டு, ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை அந்தப் பெண்கள் பத்து நிமிடம் நிற்பார்கள். அவர்களிடம் கேட்க முடிந்த நேரம் அந்தப் பத்து நிமிடம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.